தவணை தவறும் பூக்கல்

ரங்கூனில் எழுதிய உண்டியல் சென்னையிலோ கொழும்பிலோ பினாங்கிலோ குறித்த தேதியில் குறித்த தொகைக்குப் பணமாகும் என்பதில் எவருக்கும் சந்தேகம் எழாதபடி தலைமுறை தலைமுறையாகக் கொடுக்கல் வாங்கல் நடத்தியவர்கள் நகரத்தார்கள் எனப்படும் செட்டிநாட்டுச் செட்டியார்கள். கடையின் நிர்வாகத்தை மேலாளிடமும், அவருக்குக் கீழே அடுத்தாளிடமும், அவருக்கும் கீழே பெட்டியடிப் பையனிடமும் ஒப்படைத்து, மூன்று வருஷத்துக்கு ஒரு கணக்கென்று வரையறுத்து, மாதந்தோறும் ரங்கூன் மொகல் தெருக் கோயிலில் கூடி நடப்பு வட்டியை நிர்ணயித்து, காலணா பிசகினாலும் காரணம் கேட்டுக் கடிதம் எழுதிய அந்தச் சமூகத்தின் சொந்த மண்ணில், காரைக்குடியிலிருந்து அரைமணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய ஆத்தங்குடியில், "அடுத்த வாரம் கட்டாயம் ஏத்திவிட்டுடறேன்" என்று தரைக்குப் பூக்கல் வார்க்கும் ஒரு பட்டறைக்காரர் சொன்னால் அந்த வாரம் எந்த மாதத்தில் வரும் என்பதைச் சோதிடர்தான் சொல்ல வேண்டும் என்ற நிலை இருப்பது விநோதந்தான். முன்பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பவர்களின் மனத்தாங்கல்கள் பலவிதம்: சொன்ன நாளில் கல் வரவில்லை, வந்த கல்லில் மாதிரிக்குக் காட்டிய சிவப்பு இல்லை, முதல் வண்டியில் வந்ததற்கும் இரண்டாம் வண்டியில் வந்ததற்கும் நிறம் ஒக்கவில்லை, மூலை உடைந்தவை ஏராளம், பதித்த இரண்டாம் மாதம் வெள்ளை பூத்துவிட்டது, கேட்கலாமென்றால் போனை எடுப்பாரில்லை.

இந்தப் புகார்களில் நியாயமானவை எவை, அறியாமையால் எழுந்தவை எவை என்று பிரித்துப் பார்க்க வேண்டுமானால், அந்தக் கல் செட்டிநாட்டு வீடுகளுக்குள் எப்படி நுழைந்தது, யாருடைய கண்காணிப்பில் விளைந்தது என்ற பழங்கதையைக் கொஞ்சம் கிளற வேண்டியிருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1930 வாக்கில் பொருளாதார மந்தம் வந்து தாக்கும் வரையில், பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் ஈட்டிய பொருளைக் கொண்டு எழுபத்துச் சொச்சம் ஊர்களில் நகரத்தார்கள் எழுப்பிய வீடுகளைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? பர்மாத் தேக்கும், இத்தாலியச் சலவைக்கல்லும், பெல்ஜியக் கண்ணாடியும், இங்கிலாந்து இரும்புத் தூண்களும், ஜப்பானிலிருந்து வந்த பூப்புடைத்த பீங்கான் ஓடுகளும் நாகப்பட்டினம் போன்ற துறைமுகங்களின் வழியே இறங்கி, வானம் பார்த்த அந்த வறண்ட பூமிக்கு மாட்டுவண்டிகளில் வந்து சேர்ந்தன. சுவருக்கு மட்டும் உள்ளூர்ச் சரக்கே போதுமென்று வைத்துக்கொண்டார்கள். கடுக்காய்ச் சாறும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து அரைத்த சுண்ணாம்புச் சாந்தைப் பல பூச்சாகப் பூசித் தேய்த்த அந்தச் சுவர்களில் இன்றும் முகம் பார்க்கலாம். தரைக்கோ, முகப்பிலும் பட்டாலையிலும் சலவைக்கல்லைப் பாவியவர்கள், வளவுக்கும் அறைகளுக்கும் இரண்டாங்கட்டுக்கும் வர்ணம் நிறைந்ததாகவும், ஆனால் கப்பல் கூலி இல்லாததாகவும் ஒன்று வேண்டுமென்று நினைத்தபோது வந்து வாய்த்ததுதான் பூக்கல்.

சிமெண்டில் வர்ணக் கல் வார்க்கும் வித்தை நம்முடையது அன்று. பிரான்ஸின் தென்பகுதியில், ரோன் நதிக்கரையிலுள்ள விவியே என்ற ஊரைச் சுற்றி 1850ஐ ஒட்டிய வருஷங்களில் அது தோன்றியது. சூயஸ் கால்வாய் வேலைக்கு 1864இல் லட்சம் டன்னுக்கு மேல் சுண்ணாம்பு கொடுக்க ஒப்பந்தம் செய்துகொண்ட லபார்ஜ் கம்பெனியின் சூளைகள் பக்கத்திலேயே இருந்ததால், சுண்ணாம்பையும் சிமெண்டையும் வைத்து என்னென்ன செய்யலாம் என்ற ஆராய்ச்சி அந்தப் பிராந்தியத்தில் மும்முரமாக நடந்தது. அங்கிருந்து மொராக்கோ, கியூபா, இந்தோசீனா என்று ஐரோப்பியர் போன இடமெல்லாம் அந்தக் கல்லும் போயிற்று. கிழக்கே கப்பலேறிய செட்டியார்களின் கண்ணில் அது எந்தத் துறைமுகத்தில் முதலில் பட்டதோ, எப்படியும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அது செட்டிநாட்டு வழக்கமாகிவிட்டது. 1904இல் சென்னையில் தொடங்கிய சிமெண்டு முயற்சி நிலைக்கவில்லை. 1914இல் போர்பந்தரில் ஆலை ஓடத் தொடங்கிய பிறகுதான் சுதேசி சிமெண்டு என்ற பேச்சுக்கே இடம் வந்தது. ஆகவே தொடக்கத்தில் பூக்கல்லும் பாதி வெளிநாட்டுச் சரக்குத்தான். மண்ணும் கையும் மாத்திரம் நம்முடையவை.

ஆனால் அந்த மண்ணும் கையும் ஐரோப்பிய முறையை அடியோடு மாற்றிவிட்டன என்பதே இதில் விசேஷம். அங்கே இயந்திர அழுத்தத்தில் கல்லை இறுக்குகிறார்கள். ஆத்தங்குடியில் இறுக்குவதற்கு இயந்திரம் கிடையாது, கண்ணாடிதான் உண்டு. சதுரமாக அறுத்த ஒரு கண்ணாடித் துண்டைத் துணியால் துடைத்துத் தரையில் வைத்து, அதைச் சுற்றி இரும்புச் சட்டத்தைப் பொருத்தி, உள்ளே தகட்டால் செய்த பூ அச்சை இறக்குகிறார் வேலைக்காரர். அச்சின் ஒவ்வொரு கண்ணறையிலும் ஒவ்வொரு நிறச் சிமெண்டுக் குழம்பை, தோசைமாவைவிடச் சற்றே நீர்த்ததாக, கரண்டியால் ஊற்றுகிறார். இதழுக்குச் சிவப்பு, நடுவே மஞ்சள், மூலைக்குக் கறுப்பு. கண்ணாடியோடு சேர்த்து லேசாக ஒரு குலுக்கு. பிறகு மூச்சை அடக்கிக்கொண்டு அச்சை நேர்மேலே தூக்குகிறார். கை ஒரு நூலளவு சாய்ந்தால் சிவப்பு மஞ்சளில் வழிந்துவிடும். தூக்கியதும், இரண்டு நிறங்களும் மெல்ல ஒன்றையொன்று தொட்டு நின்றுவிடுகின்றன. அதன்மேல் மணலும் சிமெண்டும் கலந்த உலர்ந்த பொடியைத் தூவி ஈரத்தை உறிஞ்சவிட்டு, அதற்கும் மேலே ஈரச் சாந்தை நிரப்பிக் கரணையால் சமன் செய்து, சட்டத்தை எடுத்துவிட்டால், பூ கீழ்முகமாக, யார் கண்ணிலும் படாமல், கண்ணாடியின்மேல் கவிழ்ந்து கிடக்கிறது. ஒரு நாள் அப்படியே கிடந்து இறுகிய பின் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கிச் சில நாள் ஊறவிட்டு, எடுத்து உலர்த்துகிறார்கள். கண்ணாடி தானே கழன்று வருகிறது. சூளையும் இல்லை, மெருகு பூசுவதும் இல்லை. கல்லின் பளபளப்பு முழுவதும் அந்தக் கண்ணாடியிடமிருந்து பெற்றது.

இந்தக் கிரமத்தை ஒருதரம் நின்று பார்த்தவருக்குத் தவணை தவறுவதன் இரகசியம் பாதி விளங்கிவிடும். ஒரு கல்லுக்கு ஒரு கண்ணாடி. பட்டறையில் எத்தனை கண்ணாடி இருக்கிறதோ, தொட்டியில் எவ்வளவு இடம் இருக்கிறதோ, அவ்வளவுதான் அன்றைய உற்பத்தி. ஆளைக் கூட்டியும் கூலியைக் கூட்டியும் அந்த எல்லையைத் தாண்ட முடியாது. தாண்ட வேண்டுமானால் ஒரே வழி, ஊறவேண்டிய நாளைக் குறைத்துக் கண்ணாடியைச் சீக்கிரம் விடுவிப்பது. சிமெண்டு தன் முழு வலிமையைப் பெற 28 நாள் ஆகும் என்பது பொறியியல் மாணவர்கள் முதல் வருஷத்திலேயே படிக்கும் பாடம். அழுத்தத்தின் துணையில்லாமல் வார்த்த கல்லுக்கோ அந்த ஊறலும் காய்ச்சலும்தான் உயிர். ஆகையால் "எப்படியாவது பத்து நாளில் வேண்டும்" என்று நெருக்குகிறவர், தமக்கே தெரியாமல், மூலை உதிரும் கல்லைத்தான் கேட்டு வாங்குகிறார்.

இதில் பஞ்சாங்கமும் சேர்ந்து சதி செய்கிறது. நம் பக்கத்தில் புதுமனை புகுவதும் கல்யாணம் நடப்பதும் தை மாதத்தில். தைக்குள் தரை முடிய வேண்டுமென்றால் கல் வார்க்க வேண்டியது ஐப்பசி கார்த்திகையில். வருஷம் முழுதும் வராத மழை செட்டிநாட்டுக்கு வருவதோ அந்த இரண்டு மாதங்களில்தான். ஒரு மழைநாளில் பட்டறையொன்றின் கொட்டகையில் ஒதுங்கி நின்றபோது, கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒருவர், "ஏனுங்க, புரட்டாசியிலேயே பணம் முழுசாக் கட்டியாச்சு, இன்னும் பாதிக் கல்லுக்கூட வர்லீங்களே?" என்று ஆத்திரத்தை மரியாதைக்குள் அடக்கிக்கொண்டு கேட்க, பட்டறைக்காரர் கூரையிலிருந்து ஒழுகும் தண்ணீரைப் பார்த்தவாறே, "மேகம் விடட்டும்ண்ணே, விட்டதும் உங்க லோடுதான்" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் புரட்டாசியில் பணத்தை எண்ணி வாங்கும்போது ஐப்பசியில் மழை பெய்யும் என்பது அவருக்குத் தெரியாதா? அதை அன்றைக்கே சொல்லியிருந்தால் வியாபாரம் போய்விடுமே என்ற அச்சந்தான் நாவைக் கட்டியது. இந்தத் தொழிலின் மெய்யான குறை கல்லில் பாதி என்றால் இந்த மௌனத்தில் பாதி.

பழைய நாளில் இந்த மௌனத்துக்கு வேலை இல்லாமல் இருந்தது. செட்டியார் அக்கரையில் இருந்தாலும், வேலை நடக்கும் இடத்தில் அவர் வீட்டுக் கண் இருந்தது. கணக்கப்பிள்ளை காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை பட்டறைக்குப் போய்வருவார். அவர் கண்ணுக்குத் தப்பியது ஆச்சியின் கைக்குத் தப்பாது. வண்டியிலிருந்து இறக்கும் கல்லை ஒவ்வொன்றாக விரல் முட்டியால் தட்டி, வெண்கலம்போல் ஒலிப்பதை ஒரு பக்கமும், மண்பானைபோல் ஒலிப்பதை மறுபக்கமும் அடுக்கச் சொல்லும் ஆச்சிமார்களின் பரீட்சைக்கு எந்தப் பொறியியல் கல்லூரியும் பட்டம் தந்ததில்லை. கழித்த கல்லைப் பட்டறைக்காரர் மறுபேச்சின்றித் திருப்பி எடுத்துக்கொண்டார். ஏனென்றால் அடுத்த வீட்டுக்கும் அடுத்த ஊருக்கும் கல் போட வேண்டியவர் அவர்தான், ஊர்வாய்க்கு அஞ்ச வேண்டியிருந்தது. அதைவிட முக்கியம், அவசரம் இல்லை. வீடு முடிய ஐந்தாறு வருஷம் பிடித்தால் அது பெருமையே தவிரக் குறை அன்று. மழையென்றால் மழை விடட்டும், தேக்கு வரும் கப்பல் எப்படியும் தையில்தான் என்று இருந்தார்கள். ஆக அந்நாளைய பூக்கல்லின் தரத்துக்குப் புகழைப் பட்டறைக்கு மாத்திரம் கொடுத்துவிடுவது முறையன்று. வாங்கியவர்களின் பொறுமையும் தொந்தரவும் அதில் சரிபாதி கலந்திருந்தன.

அந்த ஏற்பாடு குலைந்த விதம் சோகமானது. 1930ஐ ஒட்டி நெல் விலை பாதிக்கும் கீழே விழுந்ததும் பர்மாவில் கொடுத்த கடன்கள் முடங்கின. பணத்துக்குப் பதிலாக நிலம் வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் 6 சதவீத நிலத்துக்கு உடைமையாளர்களாக இருந்த செட்டியார்கள், அந்தத் தசாப்தம் முடிவதற்குள் 25 சதவீதத்துக்கு உடைமையாளர்கள் ஆனார்கள். விற்க முடியாத, சாப்பிடவும் முடியாத அந்தச் சொத்தையும் 1942இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது விட்டுவிட்டு வந்தார்கள். 1948க்குப் பிறகு சுதந்திர பர்மாவின் நிலச் சட்டங்கள் மிச்சத்தையும் முடித்துவைத்தன. புது வீடு கட்டுவோர் அருகினர். கட்டிய வீடுகளையே பாகம் பிரித்துத் தூணும் கதவுமாக விற்கும் காலம் வந்தது. கட்ட நினைத்த சிலருக்கும் சிமெண்டு அகப்படவில்லை. உலகப் போரோடு வந்த சிமெண்டுக் கட்டுப்பாடு, இடையிடையே தளர்ந்தும் இறுகியும், 1982இல் பாதியும் 1989இல் முழுதுமாக நீங்கும் வரையில், அனுமதிச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மூட்டைக்காகக் காத்திருந்தவர்களைக் கேட்டால் தெரியும். கூரைக்கே சிமெண்டு இல்லாத நாளில் பூ வார்க்க யார் கொடுப்பார்? கிடைத்த மூட்டையை நீட்டி மணலைக் கூட்டும் கெட்ட பழக்கம் கட்டட வேலை முழுவதிலும் அந்தக் காலத்தில்தான் வேரூன்றியது. மொசைக் தரை நாகரிகமாயிற்று. அதன்பின் இயந்திரத்தில் வெந்த வழவழப்பான டைல்ஸ் வந்து எல்லாவற்றையும் துடைத்துவிட்டது.

எப்படியோ தப்பிப் பிழைத்த சில பட்டறைகளுக்கு இந்த நூற்றாண்டில் மறுபடியும் சுக்கிரதசை. காரைக்குடியிலும் கானாடுகாத்தானிலும் பழைய வீடுகள் விடுதிகளாயின; சினிமாக்காரர்கள் வந்து படம் பிடித்தார்கள்; 2014இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம் பெற்றன. பெங்களூரிலும் கொச்சியிலும் வீடு கட்டுகிறவர்கள் போனில் படம் பார்த்துப் பூவைத் தேர்ந்தெடுத்துப் பணம் அனுப்புகிறார்கள். வாங்குகிறவருக்கும் வார்க்கிறவருக்கும் இடையே நூற்றுக்கணக்கான மைல். கணக்கப்பிள்ளை இல்லை, ஆச்சியின் விரல் இல்லை, கழித்த கல்லைத் திருப்பியனுப்பும் லாரிக்கூலியில் புதுக் கல்லே வாங்கிவிடலாம். ஊர்வாய்க்கும் அஞ்ச வேண்டாம், ஏனெனில் அந்த வாய் வேறு ஊரில் இருக்கிறது. இத்தனை தூரத்தைத் தாண்டி வாங்குகிறவர், டைல்ஸ் கடையில் பெட்டி பெட்டியாக ஒரே எண், ஒரே நிறம் என்று வாங்கிப் பழகிய மனத்தோடு வாங்குகிறார் என்பதையும் சேர்த்துக்கொண்டால், சண்டைக்கு வேறு முகூர்த்தம் பார்க்க வேண்டியதில்லை.

என் அபிப்பிராயத்தில் நிறம் கொஞ்சம் மாறுவது குற்றமே அன்று. கையால் கரைத்த குழம்பு ஒரு நாள் சற்றுக் கெட்டியாக இருக்கும். மணல் ஒரு நடை சற்று வெளுத்திருக்கும். பூக்கல் பிறந்த அதே ரோன் நதிக்கரையில், சிறு தோட்டக்காரர் வடிக்கும் திராட்சை மதுவும் ஒரு வருஷத்தது போல மறுவருஷம் இருப்பதில்லை. அங்கே வருஷத்தைப் புட்டியின்மேல் அச்சிட்டு அந்த வித்தியாசத்தையே கௌரவமாக்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான். வெள்ளை பூப்பதும் பெரும்பாலும் மோசடி அல்ல. சிமெண்டிலுள்ள சுண்ணாம்பு ஈரத்தோடு மேலே கசிந்து, காற்றுப் பட்டு வெண்பொடியாகப் படிகிறது. நாள்தோறும் துடைக்கத் துடைக்கச் சில மாதங்களில் அடங்கும். எலுமிச்சம்பழச் சாறும் புளிக்கரைசலும் சிந்தி மங்கிய இடங்களுக்குப் பட்டறைக்காரரைத் திட்டுவதும் அநியாயம்; புளிப்பு சிமெண்டைத் தின்னும் என்பது நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்திருந்தது, அதனால்தான் சமையற்கட்டில் கருங்கல்லைப் போட்டார்கள்.

ஆனால் மன்னிக்கத் தகாதவையும் உண்டு, அவற்றைக் கைவினை, பாரம்பரியம் என்ற போர்வைகளால் மூடுவதற்கு நான் உடன்பட மாட்டேன். சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இரும்பு ஆக்ஸைடு போட்டால் தலைமுறைக்கும் நிற்கும். வஞ்சிப்பவை பச்சையும் நீலமுந்தான். அவற்றுக்கு உரிய பொடி விலை கூடியது. அதற்குப் பதிலாகக் காரத்துக்குத் தாங்காத மலிவான சாயத்தைக் கலந்தால், பார்க்கும்போது கிளிப்பச்சை, இரண்டு கோடை கழிந்தால் சாம்பல். வாங்குகிறவருக்கு இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. ஆகவே இது வெறும் கவனக்குறைவு ஆகாது. ஏறக்குறைய முக்கால் அங்குலக் கனம் இருக்க வேண்டிய கல்லை ஓரத்தில் மாத்திரம் கனமாக்கி நடுவில் இளைக்க விடுவதும், வேறெங்கோ வார்த்ததை வாங்கி ஆத்தங்குடிக் கல்லென்று ஏற்றி அனுப்புவதும், ஒருவரிடம் முன்பணம் வாங்கி அதற்கு முந்தைய வாடிக்கைக்காரரின் கல்லுக்குச் சிமெண்டு வாங்குவதும் இந்த வகையைச் சேர்ந்தவை. கடைசியாகச் சொன்னதுதான் தவணைகள் தொடர்ச்சியாகத் தவறுவதற்குப் பெரிய காரணம் என்று தொழிலை நெருங்கிப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். வங்கியில் கடன் கிடைக்காத சிறு பட்டறைக்கு வாடிக்கைக்காரரே வங்கியாகிவிடுகிறார், வட்டியில்லாமல். வட்டிக்கணக்கில் உலகத்துக்கே பாடம் சொன்ன பூமியில் இது நடக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதற்கெல்லாம் பரிகாரம் சொல்லத்தான் செய்கிறது. ஆனால் நிறத்தின் பேதத்தை வழக்காடு மன்றத்தில் நிரூபிக்க, எழுத்தில் ஓர் ஒப்பந்தமும் இரு தரப்பும் கையெழுத்திட்ட மாதிரிக் கல் ஒன்றும் வேண்டும். உண்டியலுக்கும் பேரேட்டுக்கும் பேர்போன சீமையில், கல்லுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு துண்டுச் சீட்டு.

கல் நல்லபடியாக வந்து சேர்ந்த பிறகும் ஒரு கண்டம் பாக்கியிருக்கிறது. பூக்கல்லைப் பதிப்பது, டைல்ஸ் பதிக்கிற கொத்தனாருக்குக் கைவந்ததென்று சொல்ல முடியாது. இடைவெளி விடாமல் கல்லோடு கல்லை நெருக்கி, நாலைந்து கட்டுகளைப் பிரித்துக் கலந்து அடுக்கி நிறபேதத்தைத் தரை முழுதும் பரவவிட்டு, மேலே சிந்திய சிமெண்டுப் பாலை அது காய்வதற்கு முன் துடைத்தெடுக்க வேண்டும். இது தெரியாதவர்கள் வேலை முடிந்ததும் வழக்கம்போல ஆசிட் ஊற்றிக் கழுவிவிடுகிறார்கள். கண்ணாடி கொடுத்த பளபளப்பு அந்த ஒரு வாளியோடு போய்விடும். பிற்பாடு எத்தனை நாள் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தாலும் திரும்புவது கடினம். ஆகவேதான் விவரம் தெரிந்தவர்கள் கல்லோடு பதிக்கும் ஆளையும் ஆத்தங்குடியிலிருந்தே வரவழைக்கிறார்கள். அந்த ஆளும் அடுத்த வாரம் கட்டாயம் வந்துவிடுவதாகத்தான் சொல்லியிருக்கிறார்.